நாலேகால்

சித்தி கேட்டது ஒரே ஒரு உதவிதான். "வேலையா அங்கதான போற, அவன ஒரு எட்டு பாத்துட்டு வா. வேற ஒண்ணும் வேணாம். குடிக்கிறானான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

ஒட்டடை அடிக்கச் சொல்வது மாதிரிதான் சொன்னாள். நானும் "சரி சித்தி" என்று சொல்லி போனை வைத்தேன். கையில் ஒரு கிளாஸ் இருந்தது. அது வீடியோ கால் இல்லை.

2024 செப்டம்பரில் இரண்டு வாரம் மேடிசன் போகவேண்டி வந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகரம். கிளையண்ட் ஆபீசில் ஒரு மைக்ரேஷன் வேலை, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தம்பி, அதாவது சித்தி மகன், அங்கேதான் எம்.எஸ். படிக்கிறான். எலெக்ட்ரிக்கல். கடைசி செமஸ்டர். 40 லட்சம் கடன். எனக்கு 36 வயது, அவனுக்கு 24. அவன் பிறந்தபோது நான் ஏழாம் வகுப்பு. தொட்டிலை ஆட்டிவிட்டால் சித்தி எட்டணா தருவாள்.

முதல் வாரம் பார்க்கவே முடியவில்லை. அவனுக்கு லேப், எனக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் சென்னை டீமோடு கால். இரண்டாவது வெள்ளிக்கிழமை, 13-ஆம் தேதி, "இன்னிக்கி வரேண்ணா, எங்க போலாம்?" என்று மெசேஜ் அனுப்பினான். "உங்க ஊர்ல ஸ்டூடண்ட்ஸ் எங்க போவாங்களோ அங்க" என்று நான்தான் பதில் போட்டேன். வேவு பார்க்க வந்தவன் இப்படித்தான் ஆரம்பிப்பான் என்று எனக்குள் ஒரு நியாயம். உண்மையான காரணம் வேறு. நான் படித்த பொறியியல் கல்லூரியில் பையன்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. பஸ்ஸில் பேசினால் ஐடி கார்டைப் பிடுங்குவார்கள். நான்கு வருஷமும் 'கல்லூரி வாழ்க்கை' என்பதை சினிமாவில்தான் பார்த்தேன். 2009-இல் வெளியே வந்தால் ரிசெஷன், ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறது, சேரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. பிறகு வேலை, கல்யாணம், ஈ.எம்.ஐ. இடையில் எதையோ தவறவிட்டோம் என்ற எரிச்சல் ஒரு ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கும். பதினைந்து வருஷம் தாமதமாக ஒரு ராத்திரி கிடைத்தால் என்ன?

மேடிசன் இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிற ஊர். ஒரு பக்கம் மெண்டோட்டா, மறுபக்கம் மொனோனா. நடுவில் மேடான இடத்தில் வெள்ளை கிரானைட்டில் கேபிடல் கட்டடம். அதன் வாசலிலிருந்து பல்கலைக்கழகம் வரை நேராக ஒரு தெரு, ஸ்டேட் ஸ்ட்ரீட். அதில் பஸ்ஸும் சைக்கிளும் போகும், சாதாரண கார் போகக்கூடாது. ஒரு முனையில் அரசாங்கம், மறுமுனையில் படிப்பு, நடுவில் முழுக்கச் சாப்பாடும் குடியும். இதைவிட நேர்மையான டவுன் பிளானிங்கை நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு அந்தத் தெருவில் நடக்கவே இடமில்லை. மறுநாள் காலை 11 மணிக்கு கேம்ப் ராண்டல் மைதானத்தில் விஸ்கான்சினுக்கும் அலபாமாவுக்கும் ஃபுட்பால் மேட்ச். அலபாமாவிலிருந்து ஆயிரம் மைலுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தைக் கடந்து ஜனம் வந்து இறங்கியிருந்தது. விஸ்கான்சினின் நிறம் சிவப்பு. அலபாமாவின் நிறமும் சிவப்புதான், கொஞ்சம் கருஞ்சிவப்பு. யார் எந்தக் கட்சி என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நம்மூரில் இரண்டு கழகக் கொடியிலும் கறுப்பும் சிவப்பும் இருப்பதைப் பார்த்து வெளியூர்க்காரன் முழிப்பது போல முழித்தேன். "ரோல் டைட்" என்று கத்தினால் அலபாமா என்று தம்பி சொல்லிக்கொடுத்தான். அலபாமாக்காரர்களில் பாதிப்பேர் என்னைவிட வயதானவர்கள். தொப்பையை இறுக்கிப் பிடிக்கும் டீஷர்ட், கையில் பிளாஸ்டிக் கப், முகத்தில் இருபது வயது. அவர்களைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

முதலில் யூனியன் டெரஸ். மெண்டோட்டா ஏரியின் கரையிலேயே மாணவர் மன்றக் கட்டடம், அதன் பின்பக்கம் தண்ணீர் வரை படிப்படியாக இறங்கும் திறந்தவெளி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் இரும்பு நாற்காலிகள், முதுகில் சூரியன் உதிப்பது போல வார்த்திருப்பார்கள். அந்த நாற்காலிதான் ஊரின் சின்னம், சாவிக்கொத்திலும் காபிக் கப்பிலும் அதுவே. ஏழு மணி தாண்டி சூரியன் ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, தாத்தா ஒருவர், லேப்டாப்பைத் திறந்து வைத்திருக்கிற ஒரு பெண். எல்லோர் நடுவிலும் பியர். பல்கலைக்கழகமே விற்கிறது. 1933-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு தளர்ந்தபோது, அரசுப் பல்கலைக்கழக மாணவர் மன்றங்களிலேயே முதலில் பியர் ஊற்றியது இந்தக் கட்டடம்தானாம். அதற்கு நாலு வருஷம் கழித்து, 1937-இல், ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்தார். ஒரு ஊர் விட்ட இடத்தில் இன்னொரு ஊர் பிடித்துக்கொண்டது. பிறகு நாங்களும் 1971-இல் திறந்தோம், மூடினோம், திறந்தோம். 2003-இலிருந்து அரசாங்கமே கடை வைத்து விற்கிறது. ஆனால் எங்கள் அரசாங்கம் விற்கிற இடத்தில் யாரும் லேப்டாப்பைத் திறக்கமாட்டார்கள். கைக்குழந்தையைக் கூட்டிவருவதும் இல்லை என்று எழுத வந்தேன். அதை எழுத முடியாது என்பது பின்னால் வரும்.

நான் கேட்காமலேயே இரண்டு பியர் வாங்கி வந்து ஒன்றை அவன் முன்னால் வைத்தேன். இதுதான் என் சோதனை. எடுக்கிறானா பார்ப்போம். அவன் "தேங்க்ஸ்ணா" என்றான். கப்பை எடுத்து வலது பக்கம் தள்ளி வைத்துவிட்டு, தீசிஸ் கைடு பற்றிப் பேசத் தொடங்கினான். பிறகு வேலை கிடைக்காத சீனியர்களைப் பற்றி, பிறகு சித்தியின் முழங்கால் வலியைப் பற்றி. நன்றாகப் பேசுகிறான். எப்போது இவ்வளவு பேசக் கற்றுக்கொண்டான்? என் கப் காலியானபோது அவனுடையது அப்படியே நுரை அடங்கி நின்றது. "குடிக்கலயா?" என்றேன். "நீங்க எடுத்துக்குங்கண்ணா, சூடாயிடும்." எடுத்துக்கொண்டேன். பையன் பாஸ் என்று மனதுக்குள் சித்திக்கு ரிப்போர்ட் எழுதினேன்.

அங்கிருந்து ஸ்டேட் ஸ்ட்ரீட்டுக்கு ஏறினோம். ஒரு பாரின் வாசலில் நீண்ட வரிசை. முன்னால் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி சிவப்பு டாப், கவ்பாய் பூட்ஸ். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற பவுன்சர் ஒவ்வொரு அட்டையையும் டார்ச் அடித்துப் பார்க்கிறான். விஸ்கான்சினில் 21 வயது ஆகாதவர்களுக்கு ஓட்டுநர் உரிமத்தை நெட்டுவாக்கில் அச்சிட்டுத் தருவார்கள், 21 ஆனால் அகலவாக்கில். தூரத்திலேயே தெரிந்துவிடும். என்னிடம் இருந்தது பாஸ்போர்ட். பக்கம் பக்கமாகப் புரட்டினான். விசாக்களை எல்லாம் தாண்டிப் போனான். கடைசியில் பிறந்த வருஷத்தைக் கண்டுபிடித்து 1988 என்று வாய்விட்டுப் படித்தான். எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். அதில் கேலி இல்லை. மியூசியத்தில் பலகையைப் படிக்கிற மாதிரி ஒரு பார்வை, அவ்வளவுதான். "என்ஜாய், சார்" என்றான் பவுன்சர். அந்தச் 'சார்' என் பாஸ்போர்ட்டைவிடக் கனமாக இருந்தது.

உள்ளே போனதும் நான் அந்த மாநிலத்தின் பிரபலமான பியரைக் கேட்டேன், ஸ்பாட்டட் கௌ. நியூ கிளாரஸ் என்கிற சின்ன ஊரில் செய்கிறார்கள், விஸ்கான்சினைத் தாண்டி வெளியே விற்பதில்லை. 'புள்ளி மாடு' என்று பெயர் வைத்து ஒரு பானத்தை நம்மூரில் விற்றால் யாராவது கேஸ் போடுவார்கள். தம்பி சோடாவில் எலுமிச்சை பிழிந்து வாங்கிக்கொண்டான். சின்ன கிளாசில், ஐஸ் போட்டு, கருப்பு ஸ்ட்ராவோடு. பார்ப்பதற்கு வோட்கா சோடா மாதிரியே இருந்தது.

"அது என்னடா?"

"வெறும் சோடாதாண்ணா. இப்படி வாங்கிக்கிட்டா யாரும் ஏன் குடிக்கலன்னு கேக்க மாட்டாங்க. ஜூஸ் வாங்கினா நாலு பேர் கேப்பாங்க."

சொல்லிவிட்டு, சாதாரணமாக, என் கிளாசைப் பார்த்து, "மூணாவது" என்றான்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. இந்தக் கடையில் இதுதான் முதல் கிளாஸ். "என்ன மூணாவது?"

"ஒண்ணுமில்லண்ணா" என்றான்.

பாட்டுச் சத்தம். நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்து அவனுடைய லேப் நண்பர்கள் இருந்த இடம். ஒரு தெலுங்குப் பையன், ஒரு சீனப் பெண், உள்ளூர் பையன் ஒருவன். மேஜை நடுவே மீன் வளர்க்கிற கண்ணாடிக் கிண்ணம் ஒன்று, அதில் நீலத் திரவம், அதற்குள் ஏழெட்டு நீள ஸ்ட்ரா. ஃபிஷ்பௌல் என்று அதற்குப் பெயர். ஆளாளுக்கு ஒரு ஸ்ட்ராவைப் பிடித்து உறிஞ்ச வேண்டும். சுவை ஜெலுசிலில் ரஸ்னா கலந்த மாதிரி. நான் அந்தக் கிண்ணத்தின் மேல் குனிந்தபோது எதிர்ப்பக்கம் இருபத்திரண்டு வயது முகங்கள் நான்கு குனிந்திருந்தன. மூக்கும் மூக்கும் உரசாத குறை. அந்த வினாடி எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். நான் தவறவிட்டது இதுதான் என்று தோன்றியது. நீலத் தண்ணீர் எனக்கு ஒரு பொருட்டில்லை. இப்படி யாரும் யாரையும் கண்காணிக்காமல் குனிந்திருப்பதைத்தான் சொல்கிறேன். அடுத்த வினாடி உள்ளூர் பையன் மரியாதையாகக் கேட்டான்: "நீங்க எந்த டிபார்ட்மெண்ட்ல ப்ரொஃபசர்?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதன்பிறகு பேச்சு மாறிவிட்டது. சென்னையில் ஹைரிங் எப்படி, ஏ.ஐ. வந்தால் ஜூனியர் எடுப்பார்களா, ரெஃபரல் போட்டால் உண்மையிலேயே யாராவது ரெஸ்யூமைப் படிக்கிறார்களா. வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு, ஸ்பீக்கருக்கு அடியில், நான் அவர்களுக்குச் சிஸ்டம் டிசைன் இண்டர்வியூ பற்றிக் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன். வயதானவன் எந்த பாருக்குப் போனாலும் தன் ஆபீசைக் கூடவே தூக்கிக்கொண்டுதான் போகிறான்.

வெளியே வந்தபோது நடைபாதை ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி முடியைப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி தண்ணீர் பாட்டிலோடு. கூட்டம் விலகி நடந்தது. யாரும் போட்டோ எடுக்கவில்லை, யாரும் அறிவுரையும் சொல்லவில்லை. கொஞ்ச தூரத்தில் ஆம்புலன்ஸ் ஒன்று விளக்கை மட்டும் சுழற்றியபடி சத்தமில்லாமல் நின்றது. "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நிக்கும்ணா" என்றான் தம்பி. ஏரிக்கரை நாற்காலியையும் சூரிய அஸ்தமனத்தையும் எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும்.

மணி பதினொன்றரை. அவனுக்குப் போதும் என்று முகத்தில் தெரிந்தது. "இன்னும் ஒரே ஒரு எடம்" என்று நான்தான் இழுத்தேன். கேபிடல் பக்கம் ஒரு பழைய டேவர்ன். மர பெஞ்சுகள், மங்கின விளக்கு, நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள். அப்பாடா என்றிருந்தது. பார்டெண்டர் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். "விஸ்கான்சின் வந்துட்டு ஓல்ட் ஃபேஷன்ட் குடிக்காம போகக்கூடாது" என்றார். மற்ற ஊர்களில் அதை விஸ்கியில் செய்வார்கள், இங்கே பிராந்தியில். ஆரஞ்சுத் துண்டும் செர்ரியும் சர்க்கரையும் போட்டு நசுக்கி, இரண்டு சொட்டு பிட்டர்ஸ் விட்டு, பிராந்தி ஊற்றி, மேலே செவன் அப் மாதிரி ஏதாவது. அமெரிக்காவில் பிராந்திக்கு இவ்வளவு விசுவாசமான மாநிலம் வேறில்லை. நான் உற்சாகமாகிவிட்டேன். "எங்க ஊரும் பிராந்தி ஊர்தான்" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்மூர் பிராந்தி பெரும்பாலும் கரும்பு மொலாசஸில் வடித்த ஸ்பிரிட் என்பதை நான் சொல்லவில்லை. விருந்தாளி எல்லாவற்றையும் சொல்லக்கூடாது.

கிளாசைத் தூக்கியதும் வாசனை வந்தது. ஆரஞ்சையும் சர்க்கரையையும் தாண்டி, அடியிலிருந்து, அந்த வாசனை. லால்குடி பஸ் ஸ்டாண்ட் பின்னால் டாஸ்மாக் பார். சித்தப்பா.

தம்பிக்கும் வந்திருக்க வேண்டும். அவன் நாற்காலியை ஒரு சாண் பின்னால் நகர்த்திக்கொண்டான்.

எங்களுக்குப் பக்கத்து மேஜையில் ஒரு அப்பாவும் மகனும். மகனுக்குப் பதினெட்டு பத்தொன்பது இருக்கும், இரண்டு பேர் முன்னாலும் பியர். இது எப்படி என்று நான் கேட்டேன். தம்பி சொன்னான், விஸ்கான்சின் சட்டப்படி அப்பா அம்மா கூட இருந்தால் 21 ஆகாதவர்களும் பாரில் குடிக்கலாம், கடைக்காரருக்குச் சம்மதமாக இருந்தால் போதும். 1984-இல் மத்திய அரசு சட்டம் போட்டு, குடிக்கும் வயதை 21 ஆக்காத மாநிலத்துக்குச் சாலைக்கான பணத்தில் கை வைப்போம் என்று மிரட்டியதால்தான் விஸ்கான்சின் 1986-இல் வயதை உயர்த்தியது. அப்போதும் இந்த ஒரு வாசலை மூடவில்லை.

"நல்ல சட்டம்ல?" என்றேன். "அப்பாவே சொல்லிக் குடுத்தா அளவோட நிக்கும்."

அவன் ஸ்ட்ராவால் ஐஸைக் குத்திக்கொண்டிருந்தான். "நானும் அப்பாகூட பாருக்குப் போயிருக்கேனே" என்றான். "ஆறு வயசுல."

இந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அறிவார்கள். நான்தான் எல்லா விசேஷத்திலும் சொல்லுவேன். 2006, முதல் வருஷம் முடிந்து லீவு. சித்தி அழுதபடி வந்து நிற்கிறாள், "அவரக் கூட்டிட்டு வாடா, புள்ளையும் கூட இருக்கான்." நான் ஓடுகிறேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பார். சித்தப்பா பிளாஸ்டிக் டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து நாற்காலியில் இவன், கால் தரையில் எட்டாமல், பேப்பர் தட்டிலிருந்து சுண்டல் தின்றுகொண்டிருக்கிறான். ஒரு கையில் இவன், மறுகையில் சித்தப்பா, டி.வி.எஸ். ஃபிப்டியைத் தள்ளுவதற்கு மூன்றாவது கை இல்லாமல் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்த கதை. மறுநாள் போனால் வண்டியின் சீட்டில் ஒரு நாய் படுத்திருக்கும். அந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். சித்தப்பாவே சிரிப்பார், இருந்தவரை.

அன்றைக்கும் சொல்ல ஆரம்பித்தேன். நாய் வரைக்கும் போகவில்லை.

"நீங்க மொத மொத குடிச்சதும் அன்னிக்குத்தானண்ணா" என்றான்.

அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. மனைவிக்குச் சொன்ன கணக்கில்கூட என் முதல் குடி, கம்பெனி டீம் அவுட்டிங், மகாபலிபுரம், 2010.

"அப்பா 'காலேஜ் போற, இன்னும் சின்னப் புள்ளையா நீ'ன்னு டம்ளர நீட்டினாரு. நீங்க வாங்கி மடக்குனு குடிச்சீங்க. தொண்ட எரிஞ்சிது போல. என் சுண்டல்ல கை போட்டு ஒரு பிடி அள்ளிட்டீங்க." அவன் சிரித்தான். "பாதி சுண்டல் போச்சு. அதான் மறக்கல."

நான் என்ன சொல்வது? ஆமாம். ஒரு முறை இல்லை, இரண்டு முறை நீட்டினார். இரண்டு முறையும் வாங்கினேன். வாசலில் சித்தி காத்திருக்கிறாள் என்று தெரியும். வாயில் வாசனை வரக்கூடாதென்று வழியில் ஹால்ஸ் வாங்கினேன், இவனுக்கும் ஒன்று கொடுத்தேன், எதுவும் சொல்லாமல் இருக்க. அவன் சொல்லவில்லை. பதினெட்டு வருஷமாகச் சொல்லவில்லை.

"நீ அதெல்லாம் எண்ணிட்டிருக்கியா?" என்றேன். கோபமாகத்தான் வந்தது குரல்.

"பழக்கம்ணா. சின்ன வயசுலேர்ந்து. அப்பா வீட்டுல ஊத்தும்போது சத்தத்த வெச்சே எண்ணுவேன். மூணுக்கு மேல போனா புக்க எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிடணும். அது ஒரு கணக்கு." பிறகு போனை எடுத்துக் கால்குலேட்டரைத் திறந்தான். இந்த இடத்தில் அவன் முகம் தெளிந்துவிட்டது, ஏதோ லேப் ரிசல்ட்டைக் காட்டுவது போல. "இங்க ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க்னா 14 கிராம் ஆல்கஹால். நம்மூர் குவாட்டர் 180 மில்லி, 42.8 பர்சண்ட். எழுபத்தேழு மில்லி வருது. டென்சிட்டி 0.789-ஆல பெருக்கினா அறுபத்தோரு கிராம். வகுத்தா நாலேகால், கொஞ்சம் கூட. அப்பா ஒரு நாளைக்கு ரெண்டு குவாட்டர். எட்டரை. இங்க வந்த மொத வாரமே இதப் போட்டுப் பாத்தேன். நம்பரா பாத்ததும் ஒரு மாதிரி நிம்மதியா இருந்துது. ஏன்னு தெரியல."

சித்தப்பா 2013-இல் இறந்தார். லிவர். 46 வயது. திருச்சியில் பதினோரு நாள். கடைசி நாளில் மஞ்சளாக இருந்தார், பேச்சு குழறியது, என்னைப் பார்த்து என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் அலுவலகத்தில் லீவு கேட்டு வந்திருந்தேன். தம்பிக்குப் பதிமூன்று வயது. காரிடாரில் உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தான். பாவம் படிக்கிற பிள்ளை என்று எல்லோரும் சொன்னோம்.

"இப்ப நீங்க எத்தன தெரியுமாண்ணா?" என்றான். "டெரஸ்ல ரெண்டு. அப்புறம் ஒண்ணு. ஃபிஷ்பௌல்ல நாலஞ்சு இழுப்பு, கால்னு வெச்சிக்கலாம். இது ஒண்ணு." கிளாசைத் தொடாமல் விரலால் காட்டினான். "நாலேகால்."

ஒரு குவாட்டர்.

என் பங்குக்கு நானும் ஒரு கணக்கைச் சொல்லியிருக்கலாம். 2020-க்கு முன்னால் எனக்கு மாதம் ஒரு முறை. லாக்டவுனில் லேப்டாப்பை மூடியதும் எழுந்து போக ஒரு இடம் வேண்டியிருந்தது, ஃபிரிட்ஜ்தான் கிடைத்தது. முதலில் சனிக்கிழமை. பிறகு வெள்ளி சேர்ந்தது. பிறகு வியாழக்கிழமையும் வார இறுதிக்குள் வந்துவிட்டது. ரிலீஸ் முடிந்தால் கொண்டாட்டம், ரிலீஸ் உடைந்தால் ஆறுதல். மனைவி இரண்டு முறை கேட்டிருக்கிறாள், இரண்டு முறையும் நான் சித்தப்பாவை இழுத்துத்தான் தப்பித்தேன். குடிகாரன்னா யாருன்னு நான் பாத்திருக்கேன், அது இது இல்ல. என் கிளாஸ் கண்ணாடியால் ஆனது, அதில் ஐஸ் உருண்டையாக இருக்கும், பாட்டில் டியூட்டி ஃப்ரீயில் வாங்கியது. டம்ளர் பிளாஸ்டிக்காக இல்லாதவரைக்கும் பிரச்சினை இல்லை என்று ஏதோ ஒரு மூலையில் நிஜமாகவே நம்பியிருக்கிறேன்.

இதில் எதையும் நான் அவனிடம் சொல்லவில்லை. ஏனென்றால் அந்த நேரம் பார்த்து பார்டெண்டர் அம்மா இரண்டாவது ஓல்ட் ஃபேஷன்டைக் கொண்டுவந்து வைத்தார். கொஞ்ச நேரம் முன்பு, சட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, நான்தான் விரலைக் காட்டிச் சொல்லியிருக்கிறேன். சொன்னதே நினைவில்லை.

அந்தக் கிளாசை அப்படியே வைத்துவிட்டு எழுந்தோம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. கட்டுரைக்கு அதுதான் அழகு. நான் குடித்தேன். காசு கொடுத்தாயிற்றே என்பது அப்போது தோன்றிய காரணம். தம்பி தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை அவன் எண்ணிச் சொல்லவில்லை.

ஓட்டலுக்கு நடந்துவந்தோம். அவன் அறைக்கு பஸ் போய்விட்டது, அதனால் என்னோடு தங்குவதாகச் சொன்னான். காற்று கொஞ்சம் குளிர்ந்திருந்தது. ஒரு திருப்பத்தில் நடைபாதை விளிம்பு உயரமாக இருந்ததை நான் கவனிக்கவில்லை. விழவில்லை, லேசாகத் தடுமாறினேன். அவன் கை என் முழங்கைக்கு அடியில் வந்துவிட்டது. தேடவே இல்லை. எங்கே பிடிக்க வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. ஓட்டல் வாசல் வரை எடுக்கவில்லை. லிஃப்டில் ஹால்ஸ் ஒன்றை நீட்டினான், கிண்டலா என்று பார்த்தேன், முகத்தில் ஒன்றும் இல்லை.

காலை எட்டரைக்கு சித்தி வாட்ஸாப்பில் கூப்பிட்டாள். லால்குடியில் இரவு ஏழு மணி. ஜன்னலுக்குக் கீழே சிவப்புச் சட்டைகள் ஆறாக மைதானத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. அன்று விஸ்கான்சின் 42-க்கு 10 என்று தோற்கப்போகிறது, அது அப்போது யாருக்கும் தெரியாது. தம்பி பக்கத்துப் படுக்கையில் போர்வைக்குள் இருந்தான். தூங்குகிறானா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

"பாத்தியா? குடிக்கிறானா?"

"இல்ல சித்தி. சோடாதான். சத்தியமா. நான் கூடவே இருந்தேன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. டிவியின் சத்தத்தைக் குறைக்கிறாள். "நீ அவன் முன்னாடி ஒண்ணும் குடிக்கலயே?"

போர்வை அசையவில்லை. நான் வாயைத் திறந்தேன். எந்த பதிலும் தயாராக இல்லை. நான்கு நொடி இருக்குமா, ஐந்து இருக்குமா. பதில் வர இவ்வளவு நேரம் ஆனால் என்ன அர்த்தம் என்று சித்திக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும்.

"சரி விடு" என்றாள். "சாப்ட்டியா?"

"இனிமேத்தான் சித்தி."

"அவனையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போ."